கடல்விமானத்திலிருந்து மாணவர் ரோபோ வரை: அனோடைசிங் தொழிலின் நாட்கணக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஜனவரியில் வடிவமைக்கத் தொடங்கிப் பிப்ரவரி முடிவதற்குள் கட்டி முடித்த போட்டி ரோபோக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மோட்டார்களையும் நிரல்களையும் சுற்றியே அமைகிறது. அவற்றின் அலுமினியப் பாகங்களுக்கு இடப்பட்ட பாதுகாப்புப் பூச்சு பார்வைக்கு அழகு சேர்க்கும் கடைசி வேலையாக மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால் பூச்சு இட முடிவு செய்த அணிகளில், வரைபடம் எந்த நாளில் இறுதியாக வேண்டும், துளை எந்த அளவில் போடப்பட வேண்டும், பற்றவைப்புக்கு எந்தக் கம்பி வாங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானித்தது கடைசியில் வரும் அந்த வேலைதான். அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்க்கும் அனோடைசிங் முறை, தொடக்கம் முதலே நிமிடக் கணக்கோடும் நாள் கணக்கோடும் பிணைந்த தொழிலாக இருந்து வந்திருப்பதால், மாணவர் பட்டறைக்கு அது வந்து சேர்ந்தபோது அந்தக் கணக்கும் கூடவே வந்தது.

காற்றுப் பட்டவுடன் தன் மேல் தானே ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்வது அலுமினியத்தின் இயல்பு. சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்த ஆக்சைடு படலம் இல்லாவிட்டால், வேதிவினையில் மிகவும் துடிப்பான இவ்வுலோகத்தில் பாத்திரமோ கம்பியோ செய்து புழங்கவே முடியாது. இயற்கை தரும் இப்படலத்தை மின்னோட்டத்தின் உதவியால் மேலும் தடிக்கச் செய்யலாம் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிஹ் பூஃப் 1857இல் கண்டறிந்தார். அலுமினியத்தை மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்து நேர்மின்வாயாக்கி, மின்பகுளி எனப்படும் மின்சாரம் கடத்தும் கரைசலில் அமிழ்த்தும்போது, கரைசலிலிருந்து வரும் ஆக்சிஜன் உலோகத்தோடு சேர்ந்து மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுகிறது. வண்ணப் பூச்சைப் போல வெளியிலிருந்து ஏற்றப்படாமல் உலோகத்தைத் தின்று உலோகத்திலிருந்தே வளர்வதால் இப்படலம் எளிதில் உரிந்து வருவதில்லை. இந்த ஓர் இயல்பிலிருந்துதான் இத்தொழிலின் பெருமைகளும் தொல்லைகளும் பிறக்கின்றன.

பூஃப் இதைக் கண்ட காலத்தில் அலுமினியம் ஓர் அரிய உலோகம். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்கப்பட்ட, ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள அலுமினியப் பிரமிடே அன்று வியந்து பார்க்கப்பட்ட வார்ப்பு. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஏரூவும் மின்பகுப்பால் அலுமினியம் பிரிக்கும் வழியைத் தனித்தனியே கண்ட பிறகுதான் விலை சரிந்தது. அதற்குப் பின்னரும் ஆக்சைடு படலத்தின் முதல் பயன் பாதுகாப்புப் பூச்சாக அமையவில்லை. படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை வைத்து 1890களில் சார்லஸ் பொல்லாக் மின்தேக்கி செய்தார். கட்டுமானத்தில் இப்படலத்துக்குத் தேவை ஏற்பட, அரிக்கப்படக்கூடிய ஓர் அலுமினியம் முதலில் பிறக்க வேண்டியிருந்தது.

அது 1906இல் பெர்லினுக்கு அருகில் பிறந்தது. ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்துக் குளிர்வித்தால், அடுத்த சில நாட்களில் அது அறை வெப்பத்திலேயே தானாகக் கெட்டிப்படுவதை ஆல்ஃபிரட் வில்ம் கண்டார். துரலுமின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இக்கலவை செப்பலின் வான்கப்பல்களின் எலும்புக்கூடாகவும், பின்னர் விமானங்களின் உடலாகவும் ஆயிற்று. வலிமையைத் தந்த அதே செம்பு அரிப்பையும் கொண்டுவந்தது. செம்பு மிகுந்த துகள்களுக்கும் சுற்றியுள்ள அலுமினியத்துக்கும் இடையே உப்புநீர் பட்டவுடன் நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, தகடு உள்ளிருந்தே பொத்தல் விழத் தொடங்கும். நீரில் இறங்கி நீரிலிருந்து எழும் கடல்விமானங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

பிரிட்டனில் கை பெங்கோவும் ஜான் ஸ்டூவர்ட்டும் 1923இல் காப்புரிமை கோரிய முறை இதற்காகவே அமைந்தது. அம்முறையின் விவரத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஏறத்தாழ 3 விழுக்காடு குரோமிக் அமிலக் கரைசலை 40 பாகை செல்சியஸில் வைத்து, பாகத்தை அதில் தொங்கவிட்டு, மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து 40 வோல்ட்டுக்கு 15 நிமிடத்தில் படிப்படியாக ஏற்றி, அங்கே 35 நிமிடம் நிறுத்தி, பின் 5 நிமிடத்தில் 50 வோல்ட்டுக்கு உயர்த்தி, மேலும் 5 நிமிடம் வைத்து இறக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம். கிடைப்பது சில மைக்ரான் தடிமன் மட்டுமே, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. இவ்வளவு மெல்லிய படலத்துக்காக இவ்வளவு நுணுக்கமான ஏற்றமுறையை ஏற்றுக்கொண்டதற்கு வலுவான காரணம் இருந்தது. விமானப் பாகங்களில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஆணி அடிக்கப்பட்டிருப்பதால், இடுக்குகளில் புகுந்த அமிலத்தை எவ்வளவு கழுவினாலும் முழுமையாக வெளியேற்ற முடியாது. கந்தக அமிலம் அங்கே தங்கினால் உள்ளே இருந்தே அரிக்கும், குரோமிக் அமிலம் தங்கினாலோ அரிப்பைத் தடுக்கும். வெடிப்பு ஏதேனும் இருந்தால் அதிலிருந்து பழுப்பு நிறக் கறை கசிந்து வெளிப்பட்டதால், பூச்சுத் தொட்டியே சோதனைக் கருவியாகவும் பயன்பட்டது.

இத்தொழில் விமானக் கூடத்தை விட்டுச் சந்தைக்கு வந்தது கந்தக அமிலத்தால். 1927இல் கவர், ஓ'பிரையன் ஆகிய இருவரும் பதிவு செய்த கந்தக அமில முறை, அறை வெப்பத்தை ஒட்டிய குளியலில், 20 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில், நிறமற்ற தடித்த படலத்தைத் தந்தது. இன்றும் உலகெங்கும் பெரும்பாலான அனோடைசிங் பட்டறைகளில் நடப்பது அதன் வழித்தோன்றலே. ஜப்பானில் ரிகென் ஆய்வு நிறுவனம் ஆக்சாலிக் அமிலத்தைப் பயன்படுத்தி 1920களில் வளர்த்த முறை, அலுமைட் என்ற பெயரில் கெட்டிலாகவும் மதிய உணவுப் பெட்டியாகவும் வீடுகளுக்குள் சென்றது. படலத்தில் எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதும், அத்துளைகள் சாயத்தை உறிஞ்சிக்கொள்வதும், பிறகு கொதிநீரிலோ நீராவியிலோ வைத்தால் ஆக்சைடு நீரேற்றமடைந்து வீங்கித் துளை வாய்களை அடைத்துவிடுவதும் இக்காலத்தில்தான் தெளிவாயின. துளைகள் தேனடையைப் போன்ற அறுகோணக் கட்டங்களாக அடுக்கப்பட்டிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு கெல்லர், ஹண்டர், ராபின்சன் ஆகிய மூவரும் 1953இல் வெளியிட்டனர். தொழில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பிறகே அதன் அடிப்படை கண்ணுக்குப் புலப்பட்டது என்பது தொழில்நுட்ப வரலாற்றில் அடிக்கடி நேர்வதுதான்.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் கிளென் எல். மார்ட்டின் விமான நிறுவனம், குளியலை உறைநிலைக்கு அருகில் குளிர்வித்து மின்னோட்டத்தைப் பெருக்கி 50 மைக்ரான் அளவுக்குக் கடினமான படலம் வளர்க்கும் முறையை உருவாக்கியது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் ஹார்ட் அனோடைஸ்டு கடாய் என்று புழங்கும் கருஞ்சாம்பல் நிறப் பாத்திரங்கள் இந்த மரபில் வந்தவையே. குரோமிக், கந்தக, கடின முறைகள் மூன்றையும் வகைப்படுத்திய அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு, முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்ற பெயர்களைத் தொழிலுக்குத் தந்தது. பள்ளி மாணவர் ஒருவர் தம் வரைபடத்தின் மூலையில் இரண்டாம் வகை, கருப்பு என்று எழுதும்போது கையாள்வது அந்த ராணுவ மொழியைத்தான்.

மாணவர்கள் இம்மொழியைக் கற்க வாய்ப்பளித்த அமைப்பு 1989இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களிடம் ஒரு பெட்டி உதிரிப் பொருட்களைக் கொடுத்து எந்திரம் செய்து போட்டியிடச் சொன்ன புகழ்பெற்ற வகுப்பை நடத்திய பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அதற்குத் துணை நின்றார். 1992இல் மான்செஸ்டர் நகரப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. தொடக்க ஆண்டுகளில் எந்தப் பொருளைப் பயன்படுத்தலாம் என்பதை விதிகள் கடுமையாக வரையறுத்ததால், பூச்சு என்ற பேச்சுக்கு இடம் குறைவு. விதிகள் தளர்ந்து, கணினிவழிக் கடைசல் எந்திரங்களும் லேசர் வெட்டும் வசதியும் உள்ள நிறுவனங்கள் புரவலர்களாக வந்து, 6061 என்ற எண்ணுடைய அலுமினியக் கலவையின் சதுரக் குழாய்களும் தகடுகளும் அணிகளின் இயல்பான பொருளான பிறகே, உலோக மேற்பூச்சுப் பட்டறைகளும் புரவலர் பட்டியலில் இடம்பெறத் தொடங்கின.

போட்டியின் நாட்காட்டி இரக்கமற்றது. ஜனவரித் தொடக்கத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவ்வாண்டின் விளையாட்டு அறிவிக்கப்படும். அதற்கு முன் எதையும் வடிவமைத்துப் பயனில்லை. ஆறு வாரம் கழிந்த பின் ரோபோவைப் பேழையில் அடைத்துப் போட்டி ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது நெடுங்கால விதியாக இருந்தது; 2011 முதல் பேழைக்குப் பதிலாக, ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் இட்டு எண்ணிட்ட முத்திரையால் பூட்டிவைக்கும் வழக்கம் எல்லா அணிகளுக்கும் வந்தது. 2019இல் அறிவிப்பு ஜனவரி 5, பை பூட்டும் நாள் பிப்ரவரி 19. இடையில் 45 நாட்கள். பூட்டிய பிறகு கையில் வைத்துக்கொள்ளக்கூடிய செய்பாகங்களுக்கும் எடை வரம்பு இருந்தது, பெரும்பாலான ஆண்டுகளில் அது 30 பவுண்டு.

இந்த 45 நாட்களுக்குள் பூச்சைப் பொருத்திப் பார்த்தால் நெருக்கடி விளங்கும். இணைப்பதற்கும் மின்கம்பி இழுப்பதற்கும் நிரலைச் சோதிப்பதற்கும் 10 நாள் ஒதுக்கினால், பாகங்கள் பிப்ரவரி 9இல் பூச்சு முடிந்து திரும்பியிருக்க வேண்டும். பட்டறை ஒரு வாரம் கேட்டால் பிப்ரவரி 2இல் அவை அங்கே போய்ச் சேர வேண்டும். வெட்டுவதற்கும் கடைவதற்கும் இன்னொரு 10 நாள் என்றால் வரைபடங்கள் ஜனவரி 23இல் முடிந்திருக்க வேண்டும். விளையாட்டைப் புரிந்துகொண்டு, மாதிரி செய்து, தோற்று, மீண்டும் வரைவதற்கு எஞ்சுவது 18 நாட்கள். அந்த நாட்களிலும் பள்ளி நேரம் கழிய வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் பனிப்பொழிவால் பள்ளி மூடப்படும் நாட்களால் அது மேலும் குறையும்.

பட்டறை ஏன் ஒரு வாரம் கேட்கிறது என்பது மாணவர்களுக்கு எப்போதும் வியப்பாகவே இருந்திருக்கும், ஏனெனில் தொட்டிகளுக்குள் பாகம் இருக்கும் நேரம் மொத்தமாகவே சில மணி நேரம்தான். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் குளியல், மேற்பரப்பை மங்கலாக அரிக்கும் காரக் குளியல், அக்காரம் கரைக்காமல் விட்ட செம்பு, சிலிக்கன் துகள்களின் கருமையைப் போக்கும் அமிலக் குளியல், பிறகு அனோடைசிங், சாயம், நுண்துளை அடைப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே நீர்க் கழுவல் என வரிசை ஓடும். படலம் வளரும் நேரத்தைத் தொழிலாளர்கள் 720 விதி என்ற வாய்பாட்டால் கணிக்கிறார்கள்: சதுர அடிக்குச் செலுத்தும் ஆம்பியரை நிமிடங்களால் பெருக்கி 720ஆல் வகுத்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது கிடைக்கும், 12 ஆம்பியரில் 30 நிமிடம் என்றால் அரைப் பங்கு, அதாவது 12.7 மைக்ரான். உண்மையான காலம் கழிவது தொட்டிக்கு வெளியே. ஒவ்வொரு பாகமும் மின்சாரம் பெறும்படி அலுமினியம் அல்லது டைட்டேனியம் தாங்கியில் இறுகப் பிடித்துத் தொங்கவிடப்பட வேண்டும், அதைக் கையால்தான் செய்ய முடியும். பிடி தளர்ந்தால் அந்தப் பாகத்தில் மட்டும் படலம் வளராது. பிடித்த இடத்தில் பூச்சேறாத ஒரு புள்ளி எப்போதும் எஞ்சும். நிறமற்ற பூச்சும் கருப்பும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் அடிக்கடி ஓடும். நீலமோ ஊதாவோ கேட்டால் அந்தச் சாயத் தொட்டி இயங்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் பணம் கொடுக்கும் வாடிக்கையாளரின் வேலை முன்னே போகும். பள்ளி அணிக்கு இலவசமாகச் செய்துகொடுக்கும் பட்டறையிடம் அவசரப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

தாமதத்தைவிடப் பெரிய சிக்கல், பூச்சுக்குப் பின் திரும்பிப் போக வழியில்லை என்பது. படலம் வளர்ந்த பாகத்தில் புதிய துளை போட்டால் துளையின் சுவர் வெற்று உலோகமாகவே நிற்கும். படலத்தின் மேல் பற்றவைக்க முடியாது. படலத்தைக் கரைத்து மீண்டும் வளர்த்தால் ஒவ்வொரு முறையும் பாகம் மெலியும். ஆகவே மாற்றம் தேவைப்படலாம் என்று ஐயமுள்ள பாகத்தை அனுப்புவது வீண். அளவுகளிலும் முன்யோசனை வேண்டும். இப்போட்டி ரோபோக்களில் மிகுதியாகப் பயன்பட்ட அறுகோணத் தண்டு பேரிங்கின் வெளிவிட்டம் 1.125 அங்குலம்; அது பிசகாமல் உட்கார வேண்டிய துளையில், 12 மைக்ரான் இரண்டாம் வகைப் படலம் மூன்றில் ஒரு பங்கு வெளிநோக்கி வளர்வதால் விட்டம் 8 மைக்ரான் குறையும், அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 50 மைக்ரான் கடினப் படலமோ பாதிக்குப் பாதி வெளிநோக்கி வளர்வதால் விட்டத்தில் 50 மைக்ரான் போய்விடும், பேரிங் இறங்காது. மரையிட்ட துளைகளில் மரையின் சாய்வு காரணமாக விட்டத்தின் மாற்றம் வெளிநோக்கிய வளர்ச்சியைப் போல நான்கு மடங்காகும். ஒன்று, அளவை முன்கூட்டியே பெருக்கி வெட்ட வேண்டும். இல்லையேல் துளைகளை ரப்பர் அடைப்பான்களால் மூடி அனுப்ப வேண்டும்.

பாகத்தில் மறந்து விடப்பட்ட எஃகு ஆணியோ மரைச்சுருளோ அமிலத்தில் கரையும், மின்னோட்டத்தையும் தன் பக்கம் இழுத்துச் சுற்றியுள்ள அலுமினியத்தைக் கெடுக்கும். பற்றவைத்த சட்டங்களில் இன்னொரு பாடம் காத்திருந்தது: சிலிக்கன் கலந்த 4043 கம்பியால் பற்றவைத்த மூட்டு, வெளியே வரும்போது வெள்ளிச் சட்டத்தின் நடுவே கருங்கோடாகத் தெரியும். மக்னீசியம் கலந்த 5356 கம்பியைக் கேட்டு வாங்கியிருந்தால் அது நேராது, ஆனால் அதைக் கேட்க வேண்டிய நாள் ஜனவரியில்.

நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், உள்ளரங்கில் கம்பளத்தின் மேல் சில வாரம் ஓடும் ரோபோவுக்கு அரிப்பைத் தடுக்கும் படலம் அவ்வளவாகத் தேவையில்லை. 6061 கலவையில் செம்பு சிறிதளவே என்பதால் துரலுமினைப் போல அது எளிதில் பொத்தலும் விழாது. கிடைத்த பயன்கள் வேறு வகையானவை. வெற்று அலுமினியத்தைத் தொட்ட கை கருத்துப்போகும், உரசும் இரு அலுமினியப் பரப்புகள் ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துக்கொள்ளும்; படலம் இவ்விரண்டையும் தடுத்தது. அணியின் நிறம் அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரிந்தது. மின்சாரத்தைக் கடத்தாத படலம் காப்பாகவும் அமையும் என்று நினைத்தவர்களை ஆய்வு மேசை திருத்தியது: 12 வோல்ட் மின்கலத்தின் இணைப்பு எதுவும் சட்டத்தைத் தொடக்கூடாது என்பது போட்டி விதி, கீறல் விழுந்த இடத்தில் படலம் எந்தக் காப்பும் தராது.

பல அணிகள் அனோடைசிங்கை விட்டுப் பவுடர் கோட்டிங்கைத் தேர்ந்தன. 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் தொடங்கிவைத்த அம்முறையின் இன்றைய வடிவத்தில், மின்னூட்டம் பெற்ற வண்ணப் பொடியைத் தெளித்து 200 பாகை அளவிலான உலையில் உருக்கிப் படியவைக்கிறார்கள். அமிலத் தொட்டிகள் தேவைப்படாததால் சிறு ஊர்களிலும் அது கிடைத்தது, பற்றவைப்பின் நிறமாற்றத்தையும் மறைத்தது. அதன் விலை எடை. 80 மைக்ரான் பூச்சு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம். 3 சதுர மீட்டர் பரப்புள்ள சட்டங்களுக்கு 360 கிராம். மின்கலமும் மோதுதாங்கிகளும் நீங்கலாக 120 பவுண்டு என்ற வரம்பு இருந்த ஆண்டுகளில், எடை மேசையில் ஏறி இறங்கித் தகடுகளில் துளையிட்டுக் கிராம் கிராமாகக் குறைத்துக்கொண்டிருந்த அணிகளுக்கு அது சிறிய தொகையன்று. அனோடைசிங்கில் உலோகமே படலமாக மாறுவதால் எடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு நேர்வதில்லை.

பை பூட்டும் விதி இருந்த காலத்தில் வசதியுள்ள அணிகள் இரட்டை ரோபோக்களைக் கட்டின. முதல் படிப் பாகங்கள் வெற்று உலோகமாகவே இணைக்கப்பட்டுப் பயிற்சி ரோபோவாயின. அதில் பிழைகள் தெரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் படி பூச்சுப் பட்டறையில் இருந்தது, திரும்பி வந்து போட்டி ரோபோவாயிற்று. அதாவது, பூச்சுக்கான காத்திருப்பு நாட்களை ஓட்டுநர் பயிற்சி நாட்களாக மாற்றிக்கொண்டார்கள். இரு மடங்கு உலோகமும் இரு மடங்கு எந்திர நேரமும் இதற்கு வேண்டியிருந்ததால், பணமுள்ள அணிக்கும் இல்லாத அணிக்கும் இடையிலான தொலைவை இவ்வழக்கம் கூட்டியது என்ற குறையும் நியாயமானதே.

2020 பருவத்தில் பை பூட்டும் விதி நீக்கப்பட்டது. எல்லா அணிகளுக்கும் பொதுவாக இருந்த ஒரே இறுதிநாள் மறைந்து, ஒவ்வோர் அணியின் முதல் போட்டி நாளே அதன் எல்லையாயிற்று. போட்டிக்குப் போட்டி ரோபோவை மாற்றிக்கொண்டே போகலாம் என்றும் ஆயிற்று. வேலையை நிறுத்தும் நாள் வெளியிலிருந்து விதிக்கப்படாதபோது, பாகத்தை விட்டுப் பிரிந்து பட்டறைக்கு அனுப்ப மனம் வருவது கடினம். ஆகவே பூச்சு ரோபோவின் எல்லாப் பகுதிக்கும் உரியது என்ற நிலை மாறி, ஆண்டு நடுவில் மாறாத சக்கரச் சட்டமும் பற்சக்கரப் பெட்டியின் தகடுகளும் முதல் வாரங்களிலேயே இறுதி செய்யப்பட்டு அனோடைசிங்குக்குப் போக, பந்தையோ வளையத்தையோ பற்றும் மேற்பகுதிக் கைகள் பருவம் முடியும்வரை வெற்று அலுமினியமாகவே வெட்டப்பட்டு, வளைக்கப்பட்டு, தூக்கியெறியப்பட்டு, மறுபடி வெட்டப்படும் ஏற்பாடு பல அணிகளுக்குப் பொருந்தி வந்தது.